பல்லைக் காட்டும் ஆட்டம்

தெம்மோவுக்கு அலுத்துப்போய்விட்டது. மாடு மேய்த்து அலுக்கவில்லை. கோடையில் கிணற்றுக் கயிறு இழுத்துக்கூட அலுக்கவில்லை. அழகாக இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டது. இதைச் சொன்னால், பாலைவன ஓரமாக மாடு மேய்த்துத் திரிகிற எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் நம்பமாட்டான். சப்பை மூக்கோடு பிறந்தவனெல்லாம் "உனக்கென்னப்பா, கொழுப்பு" என்பான். அழகன் படுகிற பாடு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது!

பிறந்த அன்றைக்கே தொடங்கிய வேலை அது. அவன் அம்மா தினமும் காலையில் வெண்ணெயைத் தொட்டுக்கொண்டு அவன் மூக்கை இரண்டு விரலால் பிடித்து நீவிவிடுவாள். உள்ளங்கையால் நெற்றியை மேல்நோக்கித் தேய்ப்பாள். மூக்கு கூர்மையாக நிற்க வேண்டும், நெற்றி உயர வேண்டும், முகம் நீள வேண்டும். எல்லா அம்மாக்களும் செய்கிற காரியம்தான். பாதிப் பேருக்குப் பலிக்காது. தெம்மோவுக்குப் பலித்துத் தொலைத்தது. ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தான். கண்ணில் வெள்ளை பளிச்சென்று இருந்தது. பல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அப்போது கறந்த பால்தான்.

அவனுக்கு ஒரு அண்ணன் உண்டு. மூக்கும் முழியும் சுமார். அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டான், தம்பி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டான். மழைக்காலம் முடிந்து, மாடுகள் நக்க உப்புக் கிடைக்கிற தரையில் கூட்டங்கள் கூடும்போதெல்லாம் தெம்மோவை ஆட்டத்துக்கு நிறுத்தினார்கள். ஆட்டம் என்றால் கையையும் காலையும் வீசுகிற ஆட்டமில்லை. முகம் முழுக்கச் செம்மண், உதட்டில் கரி, தலையில் தீக்கோழி இறகு. வரிசையாகத் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். குதிகாலைத் தூக்கி எம்பி எம்பி நின்று, கண்ணை வெள்ளை தெரிய விரித்து, உதட்டை இழுத்துப் பல்லைக் காட்ட வேண்டும். காலையில் காட்ட ஆரம்பித்தால் பொழுது சாயும் வரைக்கும் காட்ட வேண்டும். எதிர்க்கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நடந்து வந்து பார்ப்பார்கள். எவனுக்கு நேராகக் கையை வீசுகிறார்களோ அவன்தான் அந்த வருஷத்து அழகன். நடுவில் எவனாவது வாயை மூடிவிட்டால் அவனுக்கு மட்டுமில்லை, கூட்டத்துக்கே மானக்கேடு.

தெம்மோ மூடியதே இல்லை. அதனால்தான் தக்கோ வந்தாள்.

தக்கோ அப்போது அந்த எதிர்க்கூட்டத்தில் ஒருவனுக்கு மனைவி. தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்த கல்யாணம். ஆட்டத்தில் பார்த்து மனசுக்குப் பிடித்தவனோடு ஒரு பெண் கிளம்பி வந்துவிட்டால் எங்களிடம் அது தப்பில்லை. இவன் குடியிருப்புக்கு வந்து சேர்ந்து, அவளுக்காக ஒரு கிடாயும் வெட்டிவிட்டால் முடிந்தது கதை, அவள் இவன் மனைவி. ஆனால் பிள்ளையைக் கொண்டுவர முடியாது. பிள்ளை தகப்பன் வீட்டுச் சொத்து. தக்கோவுக்கு அங்கே பால் மறந்த ஒரு பெண்குழந்தை இருந்தது, இன்னும் பேச்சு வராத குழந்தை. அதைத் தூங்கப் போட்டுவிட்டு வந்தாள்.

அது தலைச்சன் பிள்ளை. தலைச்சன் பெயரைப் பெற்றவர்கள் வாயால் சொல்லக் கூடாது. மற்றவர்கள் முன்னால் தூக்கிக் கொஞ்சக் கூடாது, ஏறெடுத்துப் பார்த்தால்கூட வெட்கக்கேடு என்பார்கள். யார் வைத்த வழக்கமோ, நல்லா வைத்தார்கள்! ஆகவே தக்கோ அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வந்தபோது, பெயரைச் சொல்லி அழக்கூட அவளுக்கு வழியில்லை. அழவும் இல்லை. அந்தக் கூட்டத்து ஆட்கள் மட்டும் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'பல்லுக்குப் போனவள்.' தண்ணீர்த் துறையில், சந்தையில், எங்கே எங்கள் ஆட்களைப் பார்த்தாலும், "பல்லுக்குப் போனவள் சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

அவள் சௌக்கியமாகத்தான் இருந்தாள். தெம்மோவுக்கு இரண்டு பையன்களைப் பெற்றுக் கொடுத்தாள். பையன்கள் வளர்ந்து மாட்டோடு போனார்கள். தெம்மோ ஆட்டத்திலிருந்து ஒதுங்கி, அண்ணன் செத்த பிறகு மாட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். தாமதமாகக் கற்றுக்கொண்ட வேலை, சரியாக வரவில்லை. போன கோடையில் கிணற்றடியில் செங்காளை ஒன்று ஈயை ஓட்டத் தலையைத் திருப்பியது. கொம்பு இவன் வாயில் பட்டது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு போயிற்று.

அன்றைக்குத் தலைத்துணியை வாய்க்குக் குறுக்காகச் சுற்றியவன்தான், பிறகு அவிழ்க்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இப்படி ஒரு காரியத்தைப் பெண்டாட்டியிடமே மறைக்க முடியும். கன்றுகளைக் கட்டுகிற நீளக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். ஆண் சாப்பிடுவதைப் பெண் பார்ப்பதில்லை. பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நின்று பேசினால் ஊர் சிரிக்கும். அவன் பெயரை அவள் சொல்லமாட்டாள், அவள் பெயரை அவன் சொல்லமாட்டான். இத்தனை திரை போதாதா ஒரு ஓட்டைப் பல்லை மறைக்க! கோடை முழுக்க அவன் சிரிக்கவில்லை. ம், ஊம் என்றே காலத்தை ஓட்டினான்.

சமாச்சாரம் தெரிந்தது அவன் மச்சான் பாத்தேவுக்கு மட்டும்தான். அத்தை மகன். கேலி பேசுவதற்கென்றே அவனைப் பெற்றிருக்கிறார்கள்.

"என்ன மச்சான், வாயில கன்னுக்குட்டி போய்வர வாசல் வச்சிருக்கே?"

"சும்மா இருடா."

"அந்தத் துணியை எத்தனை நாளைக்குச் சுத்திக்கிட்டே திரிவே? தங்கச்சி கேக்கலையா?"

"அவளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

தெம்மோ துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்காத நாளில்லை. பல்லைப் பார்த்து வந்தவள், பல் இல்லை என்றால் எதைப் பார்த்து இருப்பாள்? மழை முடிந்ததும் கூட்டங்கள் கூடும். வேறு எவனோ செம்மண் பூசிக்கொண்டு நிற்பான். ஒருமுறை எழுந்து நடந்தவளுக்கு இன்னொரு முறை நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? பயத்தைச் சுமந்து சுமந்து மனிதனுக்கு உடம்பே அசந்துபோயிற்று.

மழை வந்தது, புல் வந்தது, சேதியும் வந்தது. இந்த வருஷம் ஆட்டத்துக்கு அழைத்திருப்பது தக்கோவின் பழைய கூட்டம். எங்கள் ஆண்கள் போய் ஆட வேண்டும், அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து அழகனைப் பொறுக்குவார்கள்.

மறுநாள் காலையில் தெம்மோ கன்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தான். தக்கோ கறவைக் குடுக்கையோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"இந்த வருசம் ஆட்டத்துல நில்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். விளையாடுகிறாளோ என்று நினைத்தான். விளையாடுகிற முகமில்லை.

"நானா? உனக்கென்ன கிறுக்கா! வயசு என்ன ஆச்சு புள்ள? கொஞ்ச நேரம் நின்னாலே முட்டி வலிக்குது."

"ஒரு நாள்தானே. நில்லுங்க." அவள் குடுக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பொறுக்க வர்ற பொண்ணுங்கள்ல அதுவும் வருதாம்."

"எது?"

"அங்க விட்டுட்டு வந்தேன்ல. அது."

தெம்மோ கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை.

"கும்போவா?" என்றான். சந்தையில் எப்போதோ காதில் விழுந்த பெயர்; அவன் அந்தப் பெண்ணுக்குத் தகப்பனில்லை, பெயரைச் சொல்லலாம். சொன்னதும் தக்கோ தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்டு அவளுக்கு எத்தனை காலம் ஆயிற்றோ.

"நீயே வந்து பாரேன்."

"நான் அந்தப் பக்கம் கால் வச்சா அவங்க சும்மா விடுவாங்களா? நம்ம பொம்பளைங்களோட எட்டத்தான் உக்காரணும். பொறுக்க வர்ற புள்ளைங்க கையால முகத்தை மறைச்சுக்கிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரும். எட்ட இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான். வரிசையில நிக்கிறவனுக்குத்தான் முகம் தெரியும். நீங்க பாத்து வந்து சொல்லுங்க."

"என்னால ஆகாது புள்ள."

"ஏன், பல்லு இல்லைங்கிறதுக்காகவா?"

அவன் கை தானாகத் துணியை இழுத்து வாயை மூடிற்று. தக்கோவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும்! ஒரு வார்த்தை பேசுனா பாதி காத்தால்ல வருது. கன்னைக் கூப்பிடறதும் சீட்டி அடிக்கிறதும் ஒரே மாதிரி இருக்கு."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையே?"

"நீங்க சொல்லல. நான் கேக்கல."

கோடை முழுவதும் அவன் செத்துச் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா! அடச்சீ என்று இருந்தது தெம்மோவுக்கு. சரி, நிற்கிறேன் என்றான்.

கூட்டத் தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் வாயில் வைத்த பால் புரையேறிற்று. பெரிய மனுஷர், மறுக்கத் தெரியாதவர்.

"நம்ம இளவட்டம் பாதிப் பேரு மாட்டோட தெற்க போயிட்டாங்க" என்றார். "வரிசை நீளமா இருந்தா நமக்குத்தான் கௌரவம். கடைசியில, ஓரமா நில்லு. வாயை மட்டும் ரொம்பத் திறந்துடாதே."

"திறக்காம எப்படிங்க?"

"அதுவும் சரிதான். திறந்து தொலை."

ஆட்டத்தன்று பாத்தேதான் அவனுக்குச் செம்மண் பூசினான். வெண்ணெயில் குழைத்து நெற்றியிலிருந்து தாடை வரை இழுத்தான்.

"ஓட்டைக் குடுக்கையை மெழுகி அடைக்கிற மாதிரி இருக்கு மச்சான். அசையாதே. இந்தக் கண்ணுக்குக் கீழ இருக்கிற பையை என்ன செய்யறது? இதுல ஒரு படி கம்பு கொட்டலாம் போல இருக்கே."

"சீக்கிரம் முடிடா."

"எதுக்குய்யா உனக்கு இந்த வேலை? உண்மையைச் சொல்லு. யாரைப் பிடிக்கப் போறே?"

"ஒரு ஆளைப் பாக்கணும்" என்றான் தெம்மோ. அதற்கு மேல் பாத்தே கேட்கவில்லை. அவன் முகத்தில் என்ன கண்டானோ, மிச்ச மண்ணைப் பேசாமல் பூசினான்.

வரிசையின் கடைசியில் தெம்மோ நின்றான். பக்கத்தில் நின்றவனுக்கு அவன் பெரிய பையன் வயசு இருக்கும். பாட்டு எழும்பியது, எல்லோரும் குதிகாலைத் தூக்கினார்கள். தெம்மோ கண்ணை விரித்தான். உதட்டை இழுத்தான். ஓட்டைப் பல் வெயிலைப் பார்த்தது.

நல்ல வெயில். கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாள் முழுக்க நின்றவன்தான், இப்போது தாடை கழன்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் அந்தக் கூட்டத்துக் கிழவிகள் வந்தார்கள். அழகில்லாதவனைக் கேலி செய்து விரட்டுவது அவர்கள் உரிமை. வரிசையின் முன்னால் கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒவ்வொருவனையும் பார்த்துக் கெக்கலித்தார்கள். கடைசியில் இவனிடம் வந்து சேர்ந்ததும் அவர்களுக்குத் திருவிழாதான்.

"அடியே, இங்க வந்து பாருங்கடி! கிழட்டு ஒட்டகத்தைக் கொண்டாந்து கட்டியிருக்கான்!"

"வாயில என்னய்யா, எலி வளையா?"

"பாவம், பேரனைத் தேடிக்கிட்டு வந்தவரு வரிசையில சிக்கிக்கிட்டாரு போல!"

ஒருத்தி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "ஏ, பொறுங்கடி. இது அவன்ல? பல்லுக்குப் போனாளே, அவளோட பல்லு இதுதான்டி!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தெம்மோவும் சிரித்த முகமாகவே நின்றான். வேறென்ன செய்ய? அந்த ஆட்டத்தில் திட்டு வாங்கினாலும் அதே முகம்தான், அடி வாங்கினாலும் அதே முகம்தான். தூரத்தில் எங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். தக்கோ எது என்று தெரியவில்லை. கண்ணில் வேர்வையும் மண்ணும் இறங்கி எரிந்தது.

பொழுது சாயத் தொடங்கியதும் பொறுக்கும் பெண்கள் வந்து எதிரே மண்டியிட்டார்கள். ஒரு கிழவி பெயர் சொல்லி ஒவ்வொருத்தியாக எழுப்பி அனுப்பினாள். முதலில் எழுந்தவள் நேராக நடுவரிசைக்குப் போனாள். அடுத்தவளும் இந்தப் பக்கம் வரவில்லை. கும்போ மட்டும் எதற்கு ஓரத்துக்கு வரப்போகிறாள் என்று தெம்மோ நினைத்தான். அவ்வளவு நேரம் நின்றது வீணாகப் போய்விடுமோ?

"கும்போ, நீ போ" என்றாள் கிழவி.

ஒரு பெண் எழுந்தாள். இடது கையைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மெதுவாக நடந்தாள். நடுவுக்குப் போகவில்லை. ஓரத்துக்கு வந்தாள். வந்து தெம்மோவுக்கு நேராக நின்றாள்.

அவன் பார்த்தான். கண்ணை விரித்து வைத்துக்கொண்டு, இமைக்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், காதோரம் இருந்த தழும்பைப் பார்த்தான். மறந்துவிடக் கூடாது, மறந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தான்.

பொறுக்க வருகிற பெண் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இவள் நிமிர்ந்தாள். அவன் வாயைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இந்தப் பல்லுக்கா?"

தெம்மோவால் வாயை மூட முடியவில்லை. மூடினால் அத்தனை பேருக்கும் அவமானம். பல்லைக் காட்டிக்கொண்டே நின்றான். எம்பினான், இறங்கினான், எம்பினான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடுவரிசைக்குப் போய் எவனோ ஒரு பையனுக்கு நேராகக் கையை வீசினாள். கூட்டம் ஆரவாரம் செய்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் தெம்மோ அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். பாத்தே வந்து தோளைத் தொட்டான்.

"போதும்யா. இனிமே வாயை மூடலாம்."

மூட வரவில்லை. பாத்தேதான் தாடையில் கை வைத்து அமுக்கிவிட்டான்.

பால் கறக்கிற நேரத்துக்கு அவன் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தான். முகத்தைக் கழுவக்கூடத் தெம்பில்லை, பழக்கத்தில் துணியை மட்டும் வாய்க்குக் குறுக்காகச் சுற்றியிருந்தான். கன்றுக் கயிற்றின் ஓரமாக அப்படியே உட்கார்ந்தான். தக்கோ பால் குடுக்கையோடு வந்தாள். வந்தவள் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கமே வந்து, அவனுக்கு எதிரே குந்தினாள். யார் பார்த்தால் என்ன என்று வந்துவிட்டாள் போலிருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கிட்டவா?"

"கிட்ட. எனக்கு நேரா வந்து நின்னா."

"சொல்லுங்க."

அவன் சொன்னான். நெற்றி உயரம், நல்லா உயரம் என்றான். மூக்கு நேராக இருக்கிறது, யாரோ பொறுமையாக நீவிவிட்டிருக்கிறார்கள் என்றான். அதைக் கேட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நீளம், நடை நிதானம், வலது காதோரம் சின்னத் தழும்பு.

"தழும்பா? எதனால?"

"தெரியல. பழசு. சின்ன வயசுல விழுந்திருக்கும்."

"யாரு தூக்கிவிட்டாங்களோ" என்றாள் தக்கோ. பிறகு கேட்டாள், "ஏதாவது பேசுனாளா?"

பொறுக்க வருகிற பெண்கள் பேசமாட்டார்கள், உனக்குத் தெரியாதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியெல்லாம் அதைத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து போட்ட வேஷத்தோடு அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

"பேசுனா."

"என்ன சொன்னா?"

"இந்தப் பல்லுக்கான்னு கேட்டா."

தக்கோ குடுக்கையைக் கீழே வைத்தாள். கட்டிக் கிடந்த கன்று ஒன்று தாயைப் பார்த்துக் கத்தியது. அவளாக ஏதாவது சொல்வாள், அழுவாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று தெம்மோ காத்திருந்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். கன்றுக் கயிற்றின் முடிச்சு ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவன் எழுந்து போகலாமா என்று நினைத்தபோது அவள் கேட்டாள்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"என்ன?"

"அவ குரலு. நான் வந்தப்ப அதுக்குப் பேச்சு வரல. நான் கேட்டதே இல்லை."

தெம்மோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உன் குரலுதான் புள்ள" என்றான். "அச்சு அசலா உன் குரலு."

தக்கோ இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லுங்க."

அவன் வாயிலிருந்த துணியை இறக்கினான். ஓட்டைப் பல்லில் காற்று வராமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக, அந்தப் பெண் கேட்ட மாதிரியே கேட்டான்.

"இந்தப் பல்லுக்கா?"

"இன்னொரு தடவை" என்றாள் தக்கோ.

அவன் மறுபடியும் சொன்னான்.